மாடு நக்கின றோட்டு

அத்தியாயம் பதினொன்று

மாதா விழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மேற்கொண்டு வாசிக்க மாட்டீர்கள். போன கிழமை கூட்டைச் சரியவிட்டு நான் பேனையை மூடியதற்கு என்னைத் திட்டாத ஆளில்லை.

கோயில் பெருநாளில் மாதா சிலையைச் சுமந்த கூட்டை இழுத்துவந்த உழவு இயந்திரத்தின் பின்சில்லு இறங்குதுறை வீதியில் புதைந்தது உண்மை. "ஐயோ மாதாவே" என்று சனம் கத்தியதும் சுருபம் ஒரு பக்கம் சாய்ந்ததும் உண்மை. பாய்ந்துபோய்த் தோளைக் கொடுத்துத் தாங்கியவர் கிறிஸ்தோபர். அவருடைய மனைவி மாகிரட் நேர்த்தி வைத்துச் சாத்திய நீலப்பட்டின் கரை மட்டும் கிறவல் மண்ணில் புரண்டது.

அந்த நேர்த்தியின் கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். இவர்களுடைய மகன் ஜக்சன் வீதி போடும் கம்பனி ஒன்றில் மண் பரிசோதிப்பவன். றோலர் ஓடிய இடத்தில் மண் போதிய அளவு இறுகிவிட்டதா என்று அளந்து, அவன் சரியென்றால்தான் மேலே தார்க் காப்பெட் போடலாம். முன்பு அவன் தூக்கித் திரிந்த பெட்டிக்குள் கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அதற்கு மஞ்சள் அடையாளம், இரட்டைப் பூட்டு, லைசன்ஸ், உடம்பில் படுகிற கதிரை அளக்கச் சட்டையில் குத்துகிற ஒரு பட்டை. அந்தப் பட்டை எதற்கென்று தெரிந்த நாளிலிருந்து மாகிரட்டுக்கு நித்திரை இல்லை. "கலியாணம் கட்டாத பிள்ளை, மாதாவே, அந்தப் பெட்டியை அவன்ர கையில இருந்து எடுத்துவிடு" என்று நேர்ந்துகொண்டாள்.

இந்த வருடம் கம்பனி புது மெஷின் வாங்கியது. மண்ணுக்குள் மெல்லிய மின்சாரத்தை விட்டு அளக்கிற மெஷின். கதிரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அதைக்கொண்டு முதலில் அளந்தது பள்ளிக்கூட வீதி. காப்பெட் போட்டு, நாடா வெட்டி, ஜக்சன் மெஷினோடு நின்று சிரிக்கிற படம் ஒன்று மாகிரட்டின் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பாராமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போக முடியாது.

இரண்டாவதாக அளந்ததுதான் இறங்குதுறை வீதி. அதுதான் மாதாவைச் சாய்த்தது.

திங்கட்கிழமையே கம்பனிக்குப் பழி போட ஆள் கிடைத்துவிட்டது. றோலர் ஓட்டுகிற இஹ்ஸான், கிண்ணியாக்காரன். மெஷின் வைத்துப் பார்த்த இடம் சரி, பார்க்காத இடத்தில் இவன் ஒழுங்காய் ஓட்டாமல் விட்டிருப்பான் என்று சொல்லி அவனை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் பின்னேரம் பெரிய இஞ்சினியர் சோபனா வந்து குழி தோண்டிப் பார்ப்பார். அவர் பிழை இவனில்தான் என்றுவிட்டால் இஹ்ஸானுக்கு இந்தக் கம்பனியிலும் வேலை இல்லை, இனி எந்தக் கம்பனியிலும் இல்லை.

அந்தச் செவ்வாய் காலையில் மாகிரட் வீட்டுப் படலை திறந்தது.

"மாகிரட் அன்ரி இரிக்கிறாங்களா?"

வந்தவள் அம்ரா, இஹ்ஸானின் மனைவி. நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டு வட்டிலப்பம் இந்த வீட்டுக்கு வரும். நத்தாருக்கு இங்கிருந்து கேக் கிண்ணியாவுக்குப் போகும். கிறிஸ்தோபர் அதே வேலைக்குத் தண்ணீர்ப் பவுசர் ஓட்டுகிறவர். அவரும் இஹ்ஸானும் வருடக் கணக்காக ஒரே தகரக் கோப்பையில் தேத்தண்ணி குடித்தவர்கள்.

"வாரும் பிள்ளை, இரும்" என்று மாகிரட் கதிரையை இழுத்துப் போட்டாள். அம்ராவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று பிறகு சொல்கிறேன்.

"நான் ஒரு விசயமா வந்த அன்ரி. அவர் நேத்துலேர்ந்து சோறு தின்னல்ல. சுவரப் பாத்துக்கிட்டே படுத்திரிக்காரு."

"எல்லாம் சரி வரும் பிள்ளை."

"எப்பிடிச் சரி வரும்? இவர் ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தாராம். ஒங்கட மகன் மெஷின வெச்சுப் பாத்திட்டு, 'போதும் அண்ணை, காணும்' எண்டு கையக் காட்டினாராம். அதுக்குப் பொறகுதான் இவர் இறங்கின. நேத்து எல்லாருக்கும் முன்னுக்கு இவர் அதச் சொல்லிரிக்காரு. ஒங்கட மகன் வாயத் தொறக்கல்லையாம்."

மாகிரட் எழும்பித் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தாள்.

"வேற ஒண்டும் வேணாம் அன்ரி. 'போதும் எண்டு நான்தான் சொன்ன' எண்டு அவர் ஒரு வார்த்த சொன்னாப் போதும். வேலைய ஏமாத்தினவன் எண்டு பேர் வந்தா மறுகா ஆர் கூப்பிடுவா?"

மாகிரட் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அம்ரா அதை மறுத்திருந்தால்கூட மாகிரட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். அவள் மறுக்கவில்லை. ஆறுதலாகக் குடித்தாள். குசினிக்குள் போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

படலையடியில் நின்று திரும்பினாள்.

"பாண் கடையடியில நீங்க சொன்னத்த இவர்ர கூட்டாளி ஒருத்தர் வந்து சொன்னாரு. அதப் பத்திக் கதைக்க நான் வரல்ல அன்ரி. புள்ளையக் காப்பாத்தத்தானே சொல்லியிரிப்பீங்க. வாறன்."

மாகிரட் அவளுடைய முகத்தைப் பார்க்காததன் காரணத்தை இப்போது சொல்கிறேன். மாகிரட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். நல்ல மனுசிதான், ஆனால் மகன் என்று வந்துவிட்டால் அந்த வாய்க்குப் பூட்டுக் கிடையாது. திங்கட்கிழமை பாண் வாங்கப் போன இடத்தில், சனம் வீதியைப் பற்றிக் கதைக்க, "றோலருக்கு மேல இருந்து ஃபோன் பாக்கிறவனுக்கு மண் இறுகினதும் தெரியாது, இளகினதும் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். இஹ்ஸான் ஃபோன் பார்த்ததை அவள் கண்டவளல்ல. நாக்கில் வந்தது, சொன்னாள். அவ்வளவுதான்.

அம்ரா போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு முகம் எரிந்தது. ஏசியிருந்தால் ஏட்டிக்குப் போட்டியாய் ஏதாவது சொல்லியிருப்பாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனவளிடம் என்னத்தைச் சொல்வது?

ஜக்சனைக் கேட்க வேண்டும் என்று அப்படியே கிளம்பிவிட்டாள். அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி மேசையில் கிடந்தது. அதுவும் ஒரு சாட்டுத்தான்.

இறங்குதுறை வீதியில் வேலை நின்றுபோயிருந்தது. உள்துறைமுகத்துப் பக்கமிருந்து வெயில் கண்ணைக் குத்தியது. வீதியில் மனிசர் யாரும் இல்லை, மாடுகள்தான் நின்றன. ஐந்தாறு மாடுகள் வரிசையாய்த் தலையைக் குனிந்து நடுவீதியை நக்கிக்கொண்டிருந்தன. புல்லில்லை, தவிடில்லை, வெறும் கிறவல் மண். அதை இடியப்பத்துக்குச் சொதி கண்டதுபோல நக்கின.

"மாதாவைச் சாய்ச்ச றோட்டு மாட்டுக்கெண்டாலும் பிடிச்சிருக்கே" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு மனுசி சிரித்தாள். "நேற்றுத் துவக்கம் உதே வேலைதான்."

மாகிரட்டும் சிரித்தாள். "ஹேய், போ அங்கால" என்று சீலைத் தலைப்பால் விசுக்கினாள். மாடு நகரவில்லை. அது நக்கிய இடத்தைச் சுற்றி மண் வெளிறிப் போய்க் கிடந்தது. மா தூவியதுபோல மெல்லிய வெள்ளை.

குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

கடற்கரைச் சனத்துக்கு இதைப் படித்துக் கொடுக்க வேண்டியதில்லை. உப்பு. அசல் கடல் உப்பு.

வீதிக்கு உப்பு எப்படி வந்தது? மண்ணை இறுக்க முன் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் தெளிப்பது பவுசர். பவுசர் ஓட்டுகிறவர்…

மாகிரட் விரலைச் சீலையில் துடைத்தாள். பெருநாளுக்கு முந்திய கிழமை கிறிஸ்தோபர் உடுத்த சாரம் கொடியில் காய்ந்து தகடு மாதிரி விறைத்துக் கிடந்ததை நினைத்தாள். "என்னப்பா, கடலுக்கோ போனனீங்கள்?" என்று பகிடி விட்டதும், "வேர்வை" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. இருபத்தெட்டு வருடம் ஒன்றாய்ச் சீவித்த மனுசன், ஒரு வேர்வையைச் சொல்லித் தப்பிவிட்டார்.

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றி அதில் ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

ஜக்சன் வேலைக் கொட்டிலுக்குள் தனியே இருந்தான். மெஷின் மேசையில், பெட்டிக்குள் மூடிக் கிடந்தது. சாப்பாட்டுப் பெட்டி மூடியில் இருந்த மண்ணை மாகிரட் அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"தம்பி, உன்ர மெஷினை ஏமாத்திப் போட்டாங்களடா. இது உப்பு."

அவன் மண்ணைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியும் அம்மா."

"என்ன தெரியும்?"

"மெஷின் மண்ணுக்குள்ள கரண்டை விட்டுத்தான் இறுக்கத்தைச் சொல்லுறது. துவக்கத்தில ஒரு இடத்தில குழி தோண்டி, மண்ணை நிறுத்து, குழிக்குள்ள காய்ஞ்ச மணலை விட்டு அளந்து, 'இந்த மண் இப்பிடித்தான்' எண்டு அதுக்குப் பழக்கோணும். நான் பழக்கினது கிணத்துத் தண்ணி ஊத்தின மண்ணை. உப்புத் தண்ணியில கரண்ட் வேற மாதிரிப் போகும். இறுகாத மண்ணை இறுகினதெண்டு காட்டிப் போட்டுது. நானும் இஹ்ஸான் அண்ணைக்குப் போதும் எண்டு கையைக் காட்டிப் போட்டன்."

"அப்ப மெஷின்தானே பிழை?"

"மெஷினில பிழையில்லை. இடைக்கிடை குழி தோண்டிச் சரிபாக்கோணும். நான் பாக்கேல்ல. மெஷின் இருக்கேக்க என்னத்துக்குக் குழியெண்டு விட்டிட்டன்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"ஞாயிறு பின்னேரம். சனம் எல்லாம் மாதாவோட கோயிலுக்குப் போனாப்பிறகு சில்லுப் புதைஞ்ச இடத்தைக் கிண்டி, மண்ணை நாக்கில வைச்சுப் பாத்தனான்."

மாகிரட் மூடியை அவனுக்கு இன்னும் கிட்டத் தள்ளினாள்.

"அப்ப திங்கக்கிழமை இஹ்ஸானைப் போகச் சொல்லேக்க நீ எங்கயடா நிண்டனி?"

"அவருக்குப் பக்கத்தில."

பாருங்கள், ஒரு தாய் மகனை எத்தனையோ விதமாய்க் காணத் தயாராய் இருப்பாள். குடித்துவிட்டு வந்தால் தாங்குவாள். தோற்றுவிட்டு வந்தால் தலையைத் தடவுவாள். பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தான் என்பதை மாகிரட்டால் விழுங்க முடியவில்லை.

"என்ர முகத்தைப் பாக்காதேங்கோ அம்மா" என்றான் ஜக்சன். "சொன்னா, தண்ணி எங்கால எண்டு கேப்பினம். அப்பாவைச் சொல்லோணும். எனக்கு வாய் வரேல்ல."

"எழும்பு" என்றாள் மாகிரட். "வீட்டை வா."

கிறிஸ்தோபர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பெருநாளிலிருந்து அவர் ஒழுங்காய்க் கதைக்கவில்லை. மாதாவைத் தாங்கிய தோள் நோகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். கோயிலில் சுவாமியார் அவருடைய கையைப் பிடித்து, "நீர் இல்லாட்டி மாதா என்ன ஆகியிருப்பா" என்று சொன்னபோது அவர் அழுதார். பக்தி என்று நினைத்துச் சனமும் சேர்ந்து அழுதது. நானும் அப்படித்தான் எழுதினேன் போன கிழமை.

மாகிரட் சோற்றுக் கோப்பையை வைக்கவில்லை. அந்த மூடியை வைத்தாள்.

"நக்கிப் பாருங்கோ."

அவர் மூடியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கதிரையில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்புவழிபுரத்துக் கிணத்தில எடுக்கச் சொல்லித்தான் விட்டவை" என்றார் மெல்ல. "ஒரு மழையில்லை, கிணத்தில அடி தெரியுது. பவுசரைக் கொண்டுபோய் விட, குடத்தோட நிண்ட ஒரு மனுசி முன்னுக்கு வந்து நிண்டுது. ஒண்டும் சொல்லேல்ல, வெறுங்குடத்தைக் கவிட்டுக் காட்டிச்சுது. எனக்கு அந்தத் தண்ணியை இழுக்க மனம் வரேல்ல. வேலையோ நிக்குது. பவுசரைக் கடலுக்கு விட்டன்."

"கம்பனியில சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, எப்பிடியாவது எடு எண்டுவினம். தண்ணி தண்ணிதானே, மண்ணுக்கென்ன உப்பும் புளியும் தெரியவா போகுது எண்டு நினைச்சன். இவன்ர மெஷினுக்குத் தெரியுமெண்டு நான் கண்டனானோ?"

"ஞாயித்துக்கிழமை கண்டனீங்கள்தானே?"

கிறிஸ்தோபர் மூடியைத் தள்ளி வைத்தார்.

"கண்டனீங்கள்தானே? கண்டிட்டு, மாதாவைத் தாங்கின மகராசன் எண்டு மாலையும் வாங்கினீங்கள். இவன் பக்கத்தில நிண்டு வாயை மூடினான். நான் பாண் கடையில நிண்டு வாயைத் திறந்தன். உப்பைத் திண்டது நாங்கள், தண்ணி குடிக்கிறது இஹ்ஸான். நல்ல குடும்பம்."

ஜக்சன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். "நான் சொல்லுறன்" என்றான். "மெஷின்ல பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுறன். அப்பாவை இதுக்குள்ள இழுக்கத் தேவையில்லை."

"மெஷின் பிழையெண்டா பழைய பெட்டி திரும்பி வந்திடுமேடா" என்று மாகிரட் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். சொன்ன வாய்க்குத் தானே வெட்கப்பட்டாள். ஒருத்தன் பிழைப்புப் போகிற நேரத்திலும் அவளுக்குத் தன் பிள்ளைதான் முன்னால் வந்து நிற்கிறான்.

அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

பின்னேரம் மூவரும் சேர்ந்து போகவில்லை. கிறிஸ்தோபர் பவுசரை எடுத்துக்கொண்டு முதலில் போனார். சனிக்கிழமை நிரப்பிய தண்ணீரில் மிச்சம் இன்னும் அதற்குள்தான் கிடந்தது. ஜக்சன் மெஷினோடு மோட்டார் சைக்கிளில் போனான். மாகிரட் நடந்தாள். வழியில் பாண் கடை.

தாண்டிப் போய்விடத்தான் நினைத்தாள். போய்விட்டுத் திரும்பி வந்தாள். கடையில் வழமையான ஆட்கள் நின்றார்கள்.

"நேற்று நான் இஹ்ஸானைப் பற்றிச் சொன்னது பொய்" என்றாள். "அவன் ஃபோன் பாத்ததை நான் காணேல்ல."

கடைக்காரர் பாணைச் சுற்றிய கையோடு நின்றார். "அப்ப ஆரில பிழை, மாகிரட் அக்கா?"

அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் கதை தொடங்கியது காதில் விழுந்தது. அவள் தொடக்கி வைத்த எத்தனையோ கதைகளின் அதே சத்தம்தான்.

இறங்குதுறை வீதியில் சனம் கூடியிருந்தது. இஹ்ஸானையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் ஒரு ஓரமாக, கழுவித் தோய்த்த சட்டையோடு, வழக்குக்கு வந்தவன் மாதிரி நின்றான். கிறிஸ்தோபர் பவுசரின் நிழலில் நின்றார். இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்கும். இவ்வளவு காலத்தில் அவ்வளவு தள்ளி அவர்கள் நின்றதில்லை.

சோபனா கதைக்கிற ஆள் இல்லை. குந்தியிருந்து தன் கையாலேயே சிறு குழி ஒன்று தோண்டினார். எடுத்த மண்ணை ஒரு பையில் கட்டித் தராசில் வைத்தார். ஒரு போத்தலிலிருந்து காய்ந்த மணலைக் குழிக்குள் இறக்கினார். போத்தலில் மிச்சம் நின்ற மணலை நிறுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"மண் இறுகவே இல்லை" என்றார். "இஹ்ஸான், நீங்கள் இதில ஓடினீங்களோ இல்லையோ?"

"ஓடின மிஸ். ஜக்சன் தம்பி போதும் எண்டு சொல்லுமட்டும் ஓடின."

எல்லோரும் ஜக்சனைப் பார்த்தார்கள். மாகிரட் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஓம் மிஸ்" என்றான் ஜக்சன். ஒரு அடி முன்னால் வந்து மறுபடி சொன்னான். "நான்தான் போதும் எண்டனான். மெஷின் சரியெண்டு காட்டினது. நான் குழி தோண்டிச் சரிபாக்கேல்ல. இஹ்ஸான் அண்ணையில ஒரு பிழையும் இல்லை. நேற்றே சொல்லியிருக்கோணும்."

இஹ்ஸான் மூச்சை விட்டான். கண் கலங்கியதை மறைக்க வானத்தைப் பார்த்தான்.

"மெஷின் ஏன் பிழையாக் காட்டினது?"

ஜக்சன் நிலத்தைப் பார்த்தான். "தெரியாது மிஸ்."

"ஏனெண்டு தெரியாட்டி இந்த மெஷினை நம்பி ஒரு வேலையும் செய்யேலாது. பழைய பெட்டியைத்தான் திரும்ப எடுப்பிக்கவேணும்."

இந்த இடத்தில்தான் அந்த மாடு வந்தது. நான் கொண்டுவந்து விடவில்லை, அது காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறது. சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, சோபனா தோண்டிய குழியைப் பார்த்தது. புதிதாய்க் கிளறிய மண். நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது. சனம் கொல்லென்று சிரித்தது.

சோபனா சிரிக்கவில்லை. "இந்த மாடு என்னத்துக்கு வெறும் மண்ணை நக்குது?"

இஹ்ஸான் மாட்டைப் பார்த்தான். பிறகு, மாகிரட் பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய கண் மெல்ல நகர்ந்து பவுசருக்குப் போனது. அங்கிருந்து கிறிஸ்தோபரின் முகத்துக்குப் போனது. அவனுக்கு விளங்கிவிட்டது. இரண்டு நாளாய்த் தன்னைத் தூங்கவிடாமல் செய்தது எது, அதைத் தெரிந்துகொண்டும் யார் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம் விளங்கிவிட்டது.

இப்போது இவன் வாயைத் திறந்தால் கிறிஸ்தோபர் முடிந்தார். மாகிரட் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அது மிஸ்…" என்றான் இஹ்ஸான். "பெருநாளுக்கு வந்த சனம் உப்புக் கச்சான் கடலயத் தின்டுட்டு, மிச்சத்தக் கொட்டிட்டுப் போயிரிக்கி. வாயில்லாத சீவன்தானே, அந்த ருசிக்கு நக்குது."

மாகிரட் கண்ணைத் திறந்தாள். இப்படி ஒரு வெட்கத்தை அவள் தன் சீவியத்தில் அனுபவித்ததில்லை. அவன் காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. ஓடிப்போய் அவனுடைய கையைப் பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அந்த இடத்தை விட்டே ஓட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

கிறிஸ்தோபர் அசைந்தார். பவுசரின் பின்பக்கம் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவரும் இஹ்ஸானும் தேத்தண்ணி குடிக்கிற அந்தத் தகரக் கோப்பையில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, சிந்தச் சிந்த நடந்து வந்தார்.

"வாயில வைச்சுப் பாருங்கோ மிஸ்."

சோபனா அவரை விசித்திரமாகப் பார்த்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"கடல் தண்ணி!"

"ஓம் மிஸ். நான்தான் கடலில நிரப்பினனான். மெஷினில பிழையில்லை. கச்சானும் இல்லை, ஒண்டும் இல்லை. என்ர மகனுக்கும் இது தெரியாது."

"தெரியும் மிஸ்" என்றான் ஜக்சன். "ஞாயிற்றுக்கிழமையில இருந்து தெரியும்."

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாதாவைத் தாங்கின தோள் என்று ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தோபரைத் தட்டிக்கொடுத்தவர்கள் இப்போது அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

கிறிஸ்தோபர் இஹ்ஸானின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவனுடைய சட்டைப் பொத்தானைத்தான் பார்த்தார். "தம்பி…" என்றார். 

"நான்தான் கச்சான் எண்டு சொன்னனே அண்ணன்" என்றான் இஹ்ஸான் தாழ்ந்த குரலில். "அதோட விட்டிரிக்கலாமே."

கிறிஸ்தோபர் தலையை மட்டும் ஆட்டினார். கோப்பை கையிலிருந்து விழுந்து உருண்டது. மாடு அதையும் மோந்து பார்த்தது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

மாகிரட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். வெட்கம் போகவில்லை, ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது. சொல்லிவிட்டார். எவ்வளவு பிந்தினாலும் சொல்லிவிட்டார். இந்த வீதியைக் கிளறித் திரும்பப் போடுவார்கள், வேலை போனால் போகட்டும், கூலிக்குப் போய்ச் சீவிக்கலாம் என்று அவள் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

சோபனா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு கிறிஸ்தோபருக்கு நேரே வந்தார்.

"அண்ணை, கடல் தண்ணி ஊத்தினது இந்த வீதிக்கு மட்டும்தானோ?"

கிறிஸ்தோபர் திரும்பி மகனைப் பார்த்தார். ஜக்சன் முதலில் விளங்காமல் நின்றான். பிறகு அவனுடைய முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே வடிவதை மாகிரட் கண்டாள்.

"அப்பா" என்றான். "இல்லையெண்டு சொல்லுங்கோ."

"பள்ளிக்கூட வீதிப் பக்கமும் கிணறு வத்தித்தான் கிடந்தது, தம்பி" என்றார் கிறிஸ்தோபர்.

காப்பெட் போட்டு, நாடா வெட்டி, பள்ளிக்கூட பஸ் ஓடுகிற வீதி அது. காப்பெட்டுக்குக் கீழே இறுகாத மண்; மழை தொடங்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மாகிரட்டின் வீட்டுச் சுவரில், மாதாவுக்குப் பக்கத்தில், அந்த வீதியில் நின்றுகொண்டு ஜக்சன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.